ஏழு பயங்கள்
(உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



போன வருஷம் டாக்டர் என்னை ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நாலு மாதம் யோசித்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனுக்கு யோசிக்கவா சொல்லித்தர வேண்டும்! ராத்திரி இரண்டு மணிக்கு மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

அப்படி ஒரு ராத்திரி, நம் பெங்களூர்க்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியது. பீன்யா கட்டுப்பாட்டு அறையில் வாடிய முகங்களை டி.வி.யில் பார்த்தோமே! மறுபடியும் இப்படி ஆனால் என்ற பயம் அவர்களுக்கு இல்லாமலா இருக்கும்? எதெல்லாம் தவறலாம் என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை செய்தார்கள். வேகமாக இறங்கிவிட்டால்? கால்களைப் பலப்படுத்தினார்கள். இடம் தவறினால்? அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆயிற்று. எரிபொருளையும் கூட்டினார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு சந்திரயான்-3 இறங்கிற்று.

எழுந்து விளக்கைப் போட்டு என் பயங்களை எழுதினேன். ஏழு வந்தது. ஐந்து, டாக்டரைக் கேட்டால் தீருகிற கேள்விகள். ஆறாவது பணம், இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசினேன். ஏழாவது, திரும்பி வராவிட்டால்? பென்ஷன், பாங்க் காகிதங்களை எடுத்து ஆத்துக்காரியிடம் விளக்கினேன். அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அடைப்பு ஒன்று இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். "ஏன்னா, நாலு மாசமா எங்கிட்ட சொல்லலையே" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.