துணி உலர்த்தும் கணக்கு



பொன்னேரி ஆரணியாற்றங்கரையில் அமைந்த ஊர். சுற்றிலும் நெல்வயல்கள், கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் கடலும், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் எங்கள் ஊர் வழியாகவே செல்கிறது. தொழிற்சாலைப் பணிக்காக இங்கு வாடகைக்குக் குடியிருப்போர் பலர். அவர்களுடைய வீடு பெரும்பாலும் சிறியது: ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு மொட்டைமாடி.

இத்தகைய வீட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் துணி உலர்த்துவது ஒரு சிக்கலே அன்று. காலையில் கொடியில் விரித்தால் உச்சிப்பொழுதுக்குள் காய்ந்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை எங்கள் பகுதிக்கு நீரைத் தரும் மழை. ஆயினும் வெயிலை மறைக்கும் மழையும் அதுவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த நாட்களில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் எந்த வீட்டு மாடியிலும் துணி காய்ந்திருக்க இயலாது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக இன்று கடைகளில் ஓர் இயந்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. துவைப்பதும் உலர்த்துவதும் ஆகிய இரு வேலைகளையும் ஒரே பெட்டிக்குள் அது செய்துவிடும். தானே இயங்கும் வீட்டுச் சலவை இயந்திரத்தை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937-இல் மக்கள் முன் வைத்தது. அதன் வழிவந்ததே இந்த இரட்டை வேலை இயந்திரமும். எங்கள் அண்டை வீட்டார் இதைப் பற்றி என்னிடம் கேட்டனர். கணவரும் மனைவியும் தொழிற்பேட்டையில் முறைமாற்றிப் பணி செய்பவர்கள். ஆளுக்கு இரண்டே சீருடைகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகன். “சார், ஒரே பெட்டியில் துவைத்து உலர்ந்தே வந்துவிடுமாம். கடன் போட்டு வாங்கலாமா?” என்று அவர் கேட்டார். இதற்கு விடை காண உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலே போதும். அதைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

நீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். மண்பானையில் நீர் குளிர்வதற்குக் காரணம் என்ன? பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினார். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஓர் அலகு மின்சாரம் என்பது 3600 கிலோ ஜூல். ஆகவே, ஒரு கிலோ நீரைத் துணியிலிருந்து போக்குவதற்கு, எதுவும் வீணாகாவிட்டாலும், மூன்றில் இரண்டு பங்கு அலகு செலவாகும்.

நான்கு பேருடைய ஒரு நாள் துணி உலர்ந்த நிலையில் நான்கு கிலோ என்று கொள்வோம். கையால் பிழிந்தால் அது ஏறத்தாழத் தன் எடையளவு நீரைத் தன்னுள் வைத்திருக்கும். நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுழலும் இயந்திரத்தில் பிழிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான நீர் எஞ்சும். 1400 சுற்றானால் இரண்டு கிலோ அளவே எஞ்சும். சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சிறிது. ஏனெனில் அங்கே நீர் நீராகவே வெளியேறுகிறது, ஆவியாக மாறுவதில்லை. ஆகவே, பிழிந்து வெளியேற்றக்கூடிய நீரை ஒருபோதும் சூடாக்கி வெளியேற்றலாகாது. இயந்திரம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுழற்சி எண்ணையே.

எஞ்சிய இரண்டு கிலோ நீரையும் மின்சாரத்தால் உலர்த்தினால் கணக்குப்படி ஒன்றேகால் அலகுக்குச் சற்று மேல் ஆகும். நடைமுறையில் இழப்புகளும் சேர்ந்து இரண்டு முதல் மூன்று அலகு வரை ஆகிறது. மழை நாட்கள் முப்பதில் மட்டும் உலர்த்தினால் ஏறத்தாழ 75 அலகு. இரண்டு திங்களும் நாள்தோறும் உலர்த்தினால் 150 அலகு. 2016-இல் நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு திங்களுக்கு 100 அலகு கட்டணமின்றித் தரத் தொடங்கியதை நினைவில் கொண்டால், இந்த எண்ணின் பொருள் விளங்கும். மறுபுறம், நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஒரு மணி நேரத்தில் விழும் ஆற்றல் ஏறத்தாழ ஓர் அலகு. ஒரு புடவையை விரித்தாலே பரப்பு அதனினும் பெரிது. ஞாயிறு நமக்குச் சீட்டு அனுப்புவதில்லை.

இயந்திரத்தின் பிற இயல்புகளையும் பார்ப்போம். எட்டுக் கிலோ துவைக்கும் இயந்திரம் ஐந்து கிலோ அளவே உலர்த்தக்கூடும். உலர்த்துவதற்குத் துணி தளர்வாகப் புரள இடம் வேண்டும் என்பதே காரணம். முழுச்சுமை துவைத்தவர் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். இரு வேலைகளும் முடிய நான்கு, ஐந்து மணி நேரம் ஆகலாம். அதுவரை அடுத்த சுமையைத் துவைக்க இயலாது. சில வகைகள் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்நீரையும் செலவிடுகின்றன. வெப்ப ஏற்றி வகை, ஆவி நீராகும்போது விடும் வெப்பத்தையே மீண்டும் பயன்படுத்துவதால் மின்சாரம் பாதியளவே போதும், விலையோ மிகுதி. சூடாக்கும் கம்பி வலிய மின்னோட்டத்தை இழுக்கும். நல்ல நிலத்தொடர்புள்ள பெரிய பிளக் இல்லாத வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது ஆபத்து. கடலோரப் பகுதியாதலால் நம் நிலத்தடி நீரில் உப்பும் மிகுதி. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருவது. கடின நீர் சூடாக்கும் கம்பியின்மேல் வெண்படலமாகப் படிந்து அதன் ஆற்றலைக் குறைக்கும்.

அப்படியானால் மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே கொடி கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. மழைக்கால வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 25 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் இன்னும் இரண்டரைக் கிராமுக்கே இடமுண்டு. அறை முழுவதற்கும் 70 கிராம். அரை டம்ளர் நீர்கூட அன்று. நம் துணியிலோ இரண்டு கிலோ நீர் இருக்கிறது. சன்னலை அடைத்துவிட்டுத் துணியைத் தொங்கவிட்டால் துணி காயாது. சுவர் ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். அதே அறையில்தான் பத்தாம் வகுப்பு மாணவன் படிக்கவும் உறங்கவும் வேண்டும். சன்னலைத் திறந்து, துணிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டால் காற்று மாறிக்கொண்டே இருக்கும். பத்து மணி நேரம் ஓடினாலும் விசிறிக்கு முக்கால் அலகுக்கு மேல் ஆகாது.

இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதி அவ்வீட்டாரிடம் காட்டினேன். மிகுதியாகச் சுழற்றிப் பிழியும் சாதாரணச் சலவை இயந்திரம், முன்கூடத்துக் கூரையடியில் இரண்டு கொடி, ஒரு விசிறி, ஆளுக்கு மூன்றாவதாக ஒரு சீருடை. இவை போதும் என்பது கணக்கின் முடிவு. கணவர் தலையசைத்தார். மனைவி தாளைப் பார்த்துவிட்டு, “சார், இதில் என் கணக்கு எங்கே? இரவுப்பணி முடிந்து வந்து மாடி ஏறி விரிப்பது நான், தூறல் விழுந்தால் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவதும் நான்” என்றார்.

மாணவர்களே, அந்த அம்மையாரின் கேள்வி இந்தப் பேச்சில் மிக இன்றியமையாத பகுதி. வெயில் இலவசம் என்று நாம் சொல்லும்போது, துணியை வெயிலுக்குக் கொண்டு செல்லும் கைகளும் இலவசம் என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அக்கைகள் தாயின் கைகள். அவருடைய உறக்கத்தை விலையாகப் பெற்றுத்தான் கொடி மலிவாகிறது என்றால், அது மலிவன்று. அக்குடும்பம் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. சாதாரண இயந்திரமே வாங்கினர். விரிப்பது, எடுப்பது, மடிப்பது ஆகிய மூன்றும் தந்தைக்கும் மகனுக்கும் உரியவை ஆயின. அப்படி ஏற்பார் இல்லாத வீட்டில், மாடியே இல்லாத அடுக்குமாடியில், கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் இடத்தில் இரட்டை இயந்திரம் வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு துண்டை உலர்ந்த நிலையில் நிறுத்துங்கள். நனைத்துப் பிழிந்தபின் மீண்டும் நிறுத்துங்கள். வேறுபாடே நீங்கள் போக்க வேண்டிய நீரின் எடை. அதைக் கொண்டு அலகைக் கணக்கிடுங்கள். பின்பு ஒரு வாரம், உங்கள் வீட்டில் துணி விரிப்பவர் யார், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அதே தாளில் குறித்து வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின் கடைக்குச் செல்வது நல்லது.