சிலிண்டர் ஆறு நாள் கூட வரணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, "சிலிண்டர் தீர்ந்துபோச்சு, காசு வர்ற வரைக்கும் விறகுதான்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்த பிறகு பல ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. ஆனால் அடுத்த சிலிண்டர் வாங்க முடியாவிட்டால் பழைய புகை திரும்ப வந்துவிடுகிறது. கண்ணும் நெஞ்சும் எரிவது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும்தான். அதனால் இருக்கிற கேஸை நாள்கூட வரவைப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பு, எரியும் கேஸின் சூட்டில் 100-க்கு 68 பங்காவது பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. நாம் கவனிக்காமல் விட்டால் இதுவும் குறைந்துபோகும்.

முதலில் தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பர்னர் ஓட்டை அடைத்திருக்கும். ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறிய பிறகு கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அப்புறமும் மஞ்சள் போகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் ஜெட்டை நாமே குடையக் கூடாது.

இரண்டாவது, தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. வெளியே வருவது காற்றைத்தான் சுட வைக்கும். டீ போட சின்ன பர்னரே போதும்.

மூன்றாவது, உலை கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகத்தான் போகும். குக்கரில் அழுத்தம் இருப்பதால் சூடு இன்னும் ஏறி, பருப்பு சீக்கிரம் வேகும். அதிலும் விசில் வந்ததும் தீயைக் குறைக்கலாம். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் 40 நாள் வரும் வீட்டில் வருஷத்துக்கு 9 சிலிண்டர் தேவைப்படும். அதே சிலிண்டர் 46 நாள் வந்தால் 8 போதும். ஒரு சிலிண்டர் காசு மிச்சம். குழுவில் சேமிப்பாகப் போடலாம், கடன் தவணைக்கும் ஆகும்.

இன்றைக்கே காலண்டரில் சிலிண்டர் மாட்டிய தேதியைக் குறித்து வையுங்கள். மாமியாரோ மகளோ வீட்டுக்காரரோ, அடுப்படியில் நிற்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்தடுத்த சிலிண்டரில் நாள் கூடுகிறதா என்று நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.