கோப்பின் கைரேகை

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் உள்ளது குப்பம். அங்குக் கைப்பற்றப்படும் கணினி ஒன்றில் பல இலட்சம் கோப்புகள் இருக்கலாம். அவற்றுட் பெரும்பாலானவை எங்கும் வழங்கும் மென்பொருட் கோப்புகளே. அவற்றை எவ்வாறு பிரித்தறிவது?

கோப்பினைக் கணித முறையிற் சுருக்கினால், கைரேகை போன்று அதற்குரிய ‘ஹாஷ்’ மதிப்புக் கிட்டும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 குறிகள் கொண்டது. உள்ளே ஓர் எழுத்து மாறினும் மதிப்பு மாறும். கோப்பின் பெயரை மாற்றினால் மாறாது. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் அறியப்பட்ட மென்பொருள்களின் மதிப்புகளைத் தொகுத்து வெளியிடுகிறது. அதனோடு பொருந்துவனவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றை ஆராயலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின்படி, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழிலும் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். எனினும், பட்டியலில் இல்லாமை குற்றத்திற்குச் சான்றாகாது; மாணவன் தானே எழுதிய நிரலும் அதில் இராது. இவ்வேறுபாட்டை உணர்ந்த விசாரணையே நிரபராதியைக் காக்கும்.