நடுகல்லும் பதக்கமும்

(ஆடிப்பெருக்கு நாளில் பொள்ளாச்சியில் ஆற்றிய உரை)



தீரன் சின்னமலைக்கு நினைவுப் பதக்கம் அடித்து ஆண்டுதோறும் மாணவர்க்கு வழங்கவேண்டும் என்று நம் இளைஞர்கள் கருதுகின்றனர். வரவேற்கிறேன். ஆயினும் எந்த மாழையில் அடிப்பது, என்ன பொறிப்பது என்று எண்ணாமல் பட்டறைக்கு ஓடிவிடக் கூடாது.

பதக்கம் என்றதும் எனக்கு வேறொரு பதக்கமே நினைவுக்கு வருகிறது. 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தான். அவ்வெற்றிக்குக் கிழக்கிந்தியக் கும்பினி பதக்கம் அடித்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த சோகோ அக்கசாலையில் அது உருவாயிற்று. ஒரு முகத்தில் பிரித்தானிய அரிமா, திப்புவின் சின்னமாகிய புலியைக் கீழே வீழ்த்தி மேலே நிற்கும். படைத்தலைவர்க்குப் பொன்; அடுத்த நிலையினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி; அதற்கடுத்தவர்க்கு வெள்ளி; பின்னவர்க்கு வெண்கலம்; குண்டுமழையில் சுவரேறிய எளிய படைஞனுக்கு வெள்ளீயம்! நம் நாட்டுச் சிப்பாய்க்கும் அந்த ஈயந்தான். இந்நாட்டுப் புலி வீழ்ந்துகிடக்கும் காட்சியை அவன் தன் மார்பிலேயே தாங்கினான்.

திப்புவின் பக்கம் நின்று போரிட்ட சின்னமலை, பின்னர் ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கும்பினியை எதிர்த்தார். 1801-இல் காவிரிக் கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர். 1805 சூலை 31-ஆம் நாள், ஆடிப்பெருக்கன்று, சங்ககிரிக் கோட்டையில் தம்பியரோடு தூக்கிலிடப்பட்டார். (தீர்த்தகிரி என்பது இயற்பெயர்; பின்னர்ச் சின்னமலை என்று மாறி வழங்கிற்று. நம் இயக்கம் தோன்றுமுன்பே அவ்வேலை முடிந்துவிட்டது!) நடுவணரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பதக்கம் அயலார் வழக்கமாயிற்றே, நடுகல் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அயலார் வழக்கமே. ஆனால் கல் ஊரெல்லையில் நிற்கும். பதக்கம் மாணவன் வீட்டுக்குப் போகும். ஆகையால் வேண்டும் என்கிறேன். செய்முறையை மட்டும் நடுகல்லிடம் கற்போம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் நடுகற்கள் கிடைத்தன. தமிழி எழுத்து, ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்துவன் என்பவனுடையது. அதில் எந்த மன்னன் பெயரும் இல்லை. ஊர், நிகழ்ச்சி, இறந்தவன் பெயர், அவ்வளவே. பொன்னும் ஈயமும் அங்கே இல்லை, கல் ஒன்றே.

எனவே நம் பதக்கம் எல்லார்க்கும் செம்பாகவே இருக்கட்டும். ஒரு முகத்தில் சின்னமலை பெயரும் நாளும். மறுமுகத்தில் தம்பியர்க்கும், பெயரறியாப் படைஞர்க்கும் ஒரு வரி. எழுத்து முழுதும் தமிழ். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு வந்த பதக்கத்தில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. வென்ற சிறுமி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னையே கேட்டாள். தலைகுனிந்தேன்.

முதற் பத்துப் பதக்கங்களின் செலவை இன்றே பொருளாளரிடம் தருகிறேன். பட்டறைக்குப் போகும்போது என்னையும் அழைத்துச் செல்லுங்கள். ஒற்றுப்பிழை பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?