நாட்காட்டியும் நடுநிலையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உலகப் பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் நாடுகளின் சிறப்பு நாள்களைக் குறிப்பதில் அரசியற் சார்பு காட்டுகின்றனவா என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். கல்விச் சங்க விழாவில் இஃது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எந்த நாள் நினைக்கத் தக்கது என்று முடிவு செய்யும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். அவ்வதிகாரம் நெடுங்காலம் நம் கையில் இருந்ததில்லை. ஆதலின் இதனை ஆராய்வது நமக்குக் கடமையாகின்றது.

பள்ளி நடத்துவோர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. அரசு விடுமுறைகள் மேலிருந்து பட்டியலாக வரும். உள்ளூர் விடுமுறை ஊர் வழக்கத்தை ஒட்டி அமையும். ஊர்த் தேரோட்டத்துக்குப் பள்ளிக் கதவு மூடப்படும். தேர் நுழையாத தெருவின் பிள்ளைகளுக்கும் அன்று விடுமுறைதான். அத்தெருவின் விழா நாளிலோ பள்ளி நடக்கும். வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கப்படும். பல ஊர்களில் இதுவே நிலை. பட்டியல் எழுதியவர் பகைமையால் எழுதினாரில்லை. வழக்கம் என்று எண்ணி எழுதினார். சார்பு சில வேளைகளில் வழக்கத்தின் உருவிலும் வரும் என்பதை முதற்கண் மனத்திற் கொள்வோமாக.

இனி அமெரிக்காவில் நடந்தவற்றைக் காண்போம். கூகுள் நிறுவனம் தன் முகப்புச் சின்னத்தைச் சிறப்பு நாள்களில் மாற்றி வரைவது 1998இல் தொடங்கியது. இதனை டூடுல் என்பர். 2007 அக்டோபர் 4 அன்று, சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு டூடுல் வந்தது. போரில் மாண்ட வீரர்களின் நினைவு நாளுக்கு ஏன் வரவில்லை என்று அந்நாட்டின் வலதுசாரியினர் கேட்டனர். தம் சித்திரங்கள் விளையாட்டுத் தன்மை உடையவை, துயர நாளுக்குப் பொருந்தா என்பது நிறுவனத்தின் மறுமொழி. எனினும் அவ்வாண்டு நவம்பரில் முன்னாள் படைவீரர் நாளுக்கு டூடுல் வந்தது. 2013 மார்ச் 31 ஈஸ்டர் ஞாயிறு. அன்று உழவுத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசின் பிறந்த நாளுக்கு டூடுல் வெளியாயிற்று. அப்போதும் கண்டனம் எழுந்தது.

இக்குற்றச்சாட்டு ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதன்று. 2025 பிப்ரவரியில், கூகுள் நாட்காட்டியில் கறுப்பின வரலாற்று மாதம், மகளிர் வரலாற்று மாதம் முதலியவை காணப்படாமையை மக்கள் கண்டனர். அதே மாதத்தில்தான் அந்நிறுவனம், பணியமர்த்தலில் ஒடுக்கப்பட்டோர் பங்கை உயர்த்துவதற்கென வகுத்திருந்த இலக்குகளைக் கைவிட்டது. புதிய குடியரசுத் தலைவர் டிரம்ப் அவர்களுக்கு அஞ்சிச் செய்த செயல் என்று பலர் கூறினர். நிறுவனமோ, நாட்காட்டி மாற்றம் 2024ஆம் ஆண்டின் இடைப்பகுதியிலேயே செய்யப்பட்டது என்றது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான நாள்களைக் கையால் சேர்ப்பது இயலவில்லை. ஆகவே பொது விடுமுறைகளையும் தேசிய நாள்களையும் மட்டும் காட்டுகிறோம் என்றும் விளக்கியது.

இதனை எவ்வாறு தீர்ப்பது? தேர்தல் நடந்தது 2024 நவம்பரில். மாற்றம் அதற்கு முன்னரே நிகழ்ந்ததெனின், தேர்தல் முடிவுக்கு அஞ்சி நீக்கினர் என்னும் வாதம் வலுவிழக்கிறது. நமக்கு உவப்பில்லாத இடத்திலும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வினா அங்கே முடிந்துவிடவில்லை. 'அரசு அறிவித்த நாள்களை மட்டும் காட்டுவோம்' என்னும் விதி நடுநிலையானதா?

மார்ட்டின் லூதர் கிங் 1968இல் கொல்லப்பட்டார். அவர் பிறந்த நாளை விடுமுறையாக்கும் மசோதா நான்கு நாள்களில் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்டது. அது சட்டமாக 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதன்முதல் 1986இல் கொண்டாடப்பட்டது. டெக்சாசு மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19. அந்நாள் நாடு முழுமைக்குமான விடுமுறையானது 2021இல்; இடையே 156 ஆண்டுகள். அவ்வளவு காலமும் கறுப்பின மக்கள் அந்நாளைக் கொண்டாடி வந்தனர். அரசுப் பட்டியலை மட்டும் பார்த்த நாட்காட்டிக்கு அந்நாள் தெரிந்திராது. அரசுப் பட்டியலில் இடம் பெறாதவர் எவரோ, அவருக்கே அவ்விதியால் இழப்பு மிகுதி. மேலும், அரசு மாறினால் பட்டியலும் மாறும். அதனைப் பின்பற்றும் நிறுவனமும் உடன் மாறும்.

ஆகவே நாம் காணும் முடிவு இதுவே. ஒவ்வொரு விடுபாட்டையும் சதி என்று கொள்வது தவறு. தேர்வு என்பதே நடுநிலையானது என்று நம்புவதும் தவறு. இந்நிறுவனங்களை இயக்குவது வணிகம். எவரையும் பகைக்காமல் இருப்பதே அவற்றின் விருப்பம். வலிமை உடையவர் குரல் அவற்றின் செவியில் முதலில் விழும். எனவே தேர்வுக்கான விதியை வெளிப்படையாக எழுதி வைக்குமாறும், எல்லாருக்கும் ஒரே அளவுகோலைக் கையாளுமாறும் கேட்பதே முறையான கோரிக்கையாகும்.

நம் வரலாறும் இதனையே கூறுகிறது. அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தார். பாரத ரத்னா விருது 1990இல் வந்தது. கூகுளின் டூடுல் 2015 ஏப்ரல் 14 அன்று, இந்தியாவில் மட்டுமன்றி வேறு சில நாடுகளிலும் தோன்றியது. தமிழ்நாட்டரசு அந்நாளைச் சமத்துவ நாள் என்று 2022இல் அறிவித்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னரே, குடிசை வாயில்களில் அவர் படத்துக்கு மாலையிட்டு ஏப்ரல் 14ஐக் கொண்டாடியவர்கள் எழுத்தறியா நம் முன்னோர்.

மலையாளத் திரையின் முதற் கதாநாயகி பி.கே. ரோசியை எண்ணிப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண், நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காக ஆதிக்கச் சாதியினர் அவரை ஊரைவிட்டே துரத்தினர். அவர் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்து, பெயர் வெளித்தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவர் உருவம் வந்தது. மகிழத் தக்கதே. ஆயினும் அவரை மறதியிலிருந்து மீட்டது அந்நிறுவனமன்று. ஆய்வாளரும் எழுத்தாளரும் தேடி எழுதினர். 2013இல் திரைப்படம் வந்தது. 2019இல் பெண் கலைஞர்கள் அவர் பெயரில் திரைப்படக் கழகம் கண்டனர். எழுதி வைத்தோர் இருந்தமையால்தான் வரைவோர்க்குச் செய்தி கிடைத்தது.

இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. முகப்பில் நம்மவர் படம் வந்ததா இல்லையா என்று பார்த்துப் பெருமிதமோ சினமோ கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊரில் முதலில் பள்ளியிறுதி வகுப்பு தேறியவர் யார், முதலில் கல்லூரி சென்ற பெண் யார், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை எந்த ஆண்டில் கிடைத்தது, அதற்காக அடிபட்டவர் யார் என்பவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு, நாள் குறித்து எழுதுங்கள். சான்றோடு எழுதிய கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றுங்கள். இம்மலரைப் போல அச்சிலும் கொண்டுவாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டியது. அவ்வெழுத்தால் நம் நாள்களை நாமே குறித்து வைப்பது அடுத்த பணி.