பல் பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டுமா?



இயந்திரத்தில் கிரீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விடுவது வீடுகளில் தொன்றுதொட்டு இருந்துவரும் வைத்தியம். கதவுக் கீலுக்கு அது பொருந்தும். தையல் மெஷினின் இரும்புப் பாகங்களுக்குப் பொருந்தும். கப்சாய் மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் இருப்பதுதான் குற்றம். அந்தப் பழக்கத்தில்தான் சிலர் காரின் பெல்ட்டுக்கும் ஸ்ப்ரே டின்னைத் தூக்குகிறார்கள். பெட்டாலிங் ஜெயா போன்ற ஊரில் வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பழைய காரை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

முதலில் இந்தப் பெல்ட் எது என்று பார்க்க வேண்டும். சாதாரண வி-பெல்ட் உராய்வினால் கப்பியைச் சுழற்றுகிறது. எண்ணெய் பட்டால் வழுக்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பல் பெல்ட் அப்படியல்ல. அதன் உட்புறப் பற்கள் கப்பியின் பள்ளங்களில் பொருந்தி இழுக்கின்றன. எண்ணெய் விடலாம் என்று வாதாடுவோரின் பிடி இங்கேதான் இருக்கிறது: "உராய்வை நம்பாத பெல்ட் எப்படி வழுக்கும்? எண்ணெய் பட்டால் பல் தேயாமல்தானே இருக்கும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெல்ட் இரும்பு அல்லவே! செயற்கை ரப்பர் உடல், அதனுள் நீளாமல் தாங்கும் கண்ணாடி இழைக் கயிறு, பற்களின் மேல் நைலான் துணி. இதுதான் கார் டைமிங் பெல்ட். உராய்வைத் தாங்கும் வேலையை அந்த நைலான் துணியே செய்துவிடுகிறது. சாதாரண ரப்பரில் எண்ணெய் ஊறினால் உப்பும், மெதுமெதுவென்று ஆகும். உப்பிய பல் பள்ளத்தில் சரியாக உட்காராது. ரப்பருக்கும் கயிற்றுக்கும் இடையே உள்ள பிடிப்பும் தளரும். கடைசியில் பல் அடியோடு பிய்ந்துகொள்ளும்.

அப்போது என்ன நடக்கும்? கிரேங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பதே இந்தப் பெல்ட். அறுந்துவிட்டால் வால்வு திறந்தபடி நிற்க, பிஸ்டன் மேலேறி வந்து அதை முட்டும் என்ஜின்கள் பல உண்டு. வால்வு வளையும்; சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நடு வழித்தடத்தில் கார் திடீரென்று உயிரை விட்டால், பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் துணைவிசையும் கூடவே போகும். உயிர் தப்பினாலும், வயதான காருக்கு அந்தச் செலவைச் செய்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கேள்வி மிஞ்சும்.

டைமிங் பெல்ட்டைக் காருக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம். 1962இல் விற்பனைக்கு வந்த அதன் எஸ் 1004 காரில் அது இருந்தது. மலேசியாவில் 1985இல் வந்த புரோட்டோன் சாகா, 1993இன் வீரா, 1994இன் பெரோடுவா கஞ்சில் ஆகியவை பெல்ட்டில் ஓடிய கார்கள். 2005இல் வந்த மைவியில் சங்கிலி. அதற்கு எண்ணெய் தேவை, என்ஜினுக்குள்ளேயே அது கிடைத்துவிடுகிறது. ஒரே வீட்டு வாசலில் வீராவும் மைவியும் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பதில்தான் வம்பு வருகிறது.

மழைநாள் காலையில் வரும் கிரீச் சத்தம் பெரும்பாலும் டைமிங் பெல்ட்டினுடையதே அல்ல. வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏர்கோனையும் சுழற்றும் பெல்ட்டின் சத்தம் அது. இழுவை தளர்ந்திருக்கலாம், கப்பி கோணியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். ஸ்ப்ரே அடித்தால் சில நாள் அமைதி. கோளாறு அப்படியே இருக்கும், சொல்ல வந்த வாயை மட்டும் அடைத்ததுதான் மிச்சம்.

யாரும் ஊற்றாமலே எண்ணெய் வந்துசேரும் வழியும் உண்டு. கேம் சீல், கிரேங்க் சீல் கசிந்தால் டைமிங் பெல்ட் மூடிக்குள்ளேயே நனைந்துகொண்டிருக்கும். துடைத்துவிட்டு ஓட்டுவது வீண் வேலை. சீலையும் மாற்ற வேண்டும், பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

தொழிற்சாலை இயந்திரங்களில் வரும் பாலியூரித்தேன் பெல்ட்டுகள் எண்ணெயை ஓரளவு தாங்கும். ஆனால் மாவோ மிளகாய்த் தூளோ பறக்கும் இடத்தில் எண்ணெய் பூசினால், அது பள்ளத்தில் களியாகக் கெட்டிப்பட்டுப் பெல்ட்டைத் தூக்கிவிடும்.

"எண்ணெயிலேயே மூழ்கி ஓடும் பெல்ட் இப்போது உண்டே" என்பார்கள். உண்மைதான். ஃபோர்டின் 1.0 இக்கோபூஸ்ட், பெஜோவின் 1.2 பியூர்டெக் என்ஜின்களில் அப்படி வந்தது. அதற்கென்றே தனி ரப்பர் கலவை செய்தார்கள். அப்படியும் பெல்ட் உரிந்து, துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்த புகார்கள் குவிந்தன. 2023இல் அமெரிக்காவில் ஃபோர்டு 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் பெல்ட் பல் இழக்கக்கூடும் என்பது ஒரு காரணம். பியூர்டெக் கார்களுக்கு ஐரோப்பாவில் 2024இல் உத்தரவாதம் 10 ஆண்டுகளாக, 1,75,000 கிலோமீட்டராக நீட்டப்பட்டது. எண்ணெய்க்கென்றே பிறந்த பெல்ட்டின் கதை இது. வீராவின் பெல்ட்டை என்ன சொல்வது?

பழைய கார் வாங்குபவர், டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட்டோடு டென்ஷனர், இரண்டு சீல்கள், அதே பெல்ட்டில் ஓடுவதானால் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லலாம். கழற்றும் கூலி ஒன்றுதான். பட்டறைக்காரர் புதுப் பெல்ட்டை மாட்டும்போது அவர் கையில் கிரீஸ் இருந்தால், துடைத்துக்கொள்ளச் சொல்லத் தயங்க வேண்டாம்.