பெயர்ப்பலகைக் குடும்பங்கள்

கடைத்தெருவில் காணப்படும் பெயர்ப்பலகைகளில் பல, ஒரே குடும்பத்தார் கூடி நடத்தும் சிறு பட்டறைகளில் உருவாகின்றன. தகரத்தில் எனாமல் வண்ணம் கொண்டு எழுதிய காலத்தில், சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுண்டித் தந்தை கோடிட்டு எழுத்தின் புறவடிவை வரைய, மகன் அதனுள் வண்ணம் நிரப்பிக் கைப்பழக்கம் பெறுவதே தொழிற்கல்வியாக இருந்தது.

பிவிசி பூசிய துணியில் கணினிவழி அச்சிடும் ஃபிளெக்ஸ் முறை வந்து தூரிகையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டபின், நிலைத்து நின்ற குடும்பங்கள் வேலையைப் புதிதாகப் பங்கிட்டுக்கொண்டன. மகள் கணினியில் எழுத்தை வடிவமைக்க, மகன் அக்ரிலிக் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை லேசர் கதிரால் வெட்ட, தாய் அதன் காப்புத்தாளை உரித்து உள்ளே எல்இடி விளக்குகளை ஒட்ட, தந்தை ஏணியேறிப் பலகையை மாட்டுகிறார்.

தமிழ் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டிப் பதிக்கையில் புள்ளி தனித் துண்டாக வந்துவிடுவதால், ‘ஸ்டோர்ஸ்’ என்னும் ஒரு சொல்லுக்கே மூன்று புள்ளிகளை இடம் பிசகாமல் பொருத்த வேண்டியுள்ளது. அதற்காக முழு அளவுத் தாள் அச்சு ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதன்மீது குறித்தே துளையிடுகின்றனர். பிறமொழிகளும் இடம்பெறும் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்னும் விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற தமிழ்நாடு அரசின் விதியையும் அவர்கள் கருத்தில் கொள்கின்றனர்.

வெட்டிய எழுத்தைத் திருத்த இயலாது என்பதால், கடைக்காரர்கள் மாதிரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தபின் ஒப்புதல் அளிப்பதே இரு தரப்புக்கும் நன்மை தரும்.